ஏற்றத்தில் வரும் சத்தத்தை ஷெட்டில் தேடலாமா?

“இங்க ஒண்ணும் சத்தம் இல்லியேங்க.” சுமை இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு பட்டறையில் இதைக் கேட்டிருப்பார்கள். பானெட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை நாலு முறை உறுமவிட்டுப் பார்த்த பிறகு சொல்வார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சமதளம், நியூட்ரல், பின்னால் டிரெய்லர் இல்லாத வெறும் வண்டி என்றால் அந்தச் சத்தம் வரவே வராது. அதன்பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. வண்டியை அப்படியே திருப்பித் தருவார்கள். அல்லது வந்த வாடிக்கையாளரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். இதற்கு மெக்கானிக்கின் அறிவைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்புக்கு நம் ஊரில் யாரும் கூலி கொடுப்பதில்லை. கோளாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

நான் சேலத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் படித்து, சில காலம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், மே மாதத்தில் ஏற்காடு கோடை விழா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் என்று எங்கே மேடை போட்டாலும் அதன் பின்னால் எங்காவது ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிய செட்டை பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போவோம். டிரெய்லரோடு சேர்த்து ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதற்கு மேல் பிக்கப்பின் தொட்டியில் கேபிள் சுருள்கள், டீசல் கேன், பேனல் பெட்டி, கூட வரும் ஆட்கள். முகூர்த்த நாளில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பெண்வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. இன்ஜினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் எங்களுக்கு அன்று தூக்கம் கிடையாது.

சேலத்திலிருந்து தருமபுரிக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போனால் தொப்பூர்க் கணவாய் வரும். அந்தப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது விபத்துக்குப் பேர்போன இறக்கம். இந்தப் பக்கமிருந்து சுமையோடு போகிற எங்களுக்கு அது ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் எங்கள் பிக்கப் ஒன்றில் சத்தம் வந்தது. ஓட்டுநர் திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன். “மூணாவது கியர்ல மிதிச்சு ஏறும்போது வலப்பக்கம் புஸ்ஸுனு சீறுதுங்க. காலை எடுத்தா நின்னுருது. புல்லிங்கும் கொஞ்சம் கொறையுது. செட்டை எறக்கிட்டு எம்ப்டியா வரும்போது சத்தமே இல்ல.”

இந்த நாலு வரியில் கோளாறின் முகவரி முக்கால்வாசி இருக்கிறது. எந்த கியர், எந்தப் பக்கம், ஆக்ஸிலேட்டரோடு வருகிறதா போகிறதா, சுமை இருக்கும்போது மட்டுமா, இழுவை குறைகிறதா என்று எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். முன்வரிசை மேஜையில் இருந்தவர் உரிமையாளரான என்னை உட்காரச் சொல்லி விசாரித்தார். ஓட்டுநர் வெளியே நிழலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் சொல்ல ஆரம்பித்ததும், ஜாப் கார்டில் இரண்டே சொற்கள் ஏறின: “இன்ஜின் நாய்ஸ்.”

ஸ்கேனரை மாட்டினார்கள். பி0299 என்ற கோடு வந்தது. டர்போ கொடுக்கவேண்டிய காற்றழுத்தம் குறைகிறது என்பது அதன் பொருள். டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். புது டர்போ போட்டார்கள். பில் வந்தது, கட்டினேன். அடுத்த திருவிழாவுக்குத் தொப்பூரில் ஏறும்போது அதே மூன்றாவது கியரில், அதே வலப்பக்கத்தில், அதே சீற்றம்.

அப்புறம்தான் பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். வயதானவர். நான் பேச ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டு, “வண்டிய ஓட்டுறது யாருங்க? அவரக் கூப்பிடுங்க” என்றார். ஓட்டுநர் சொல்லச்சொல்ல இடையில் கேள்வி கேட்டார். எவ்வளவு தூரம் ஓடிய பிறகு வருகிறது? காலையில் முதல் ஏற்றத்திலும் வருகிறதா? கிளட்ச் மிதித்தால் என்ன ஆகிறது? புகை கறுப்பா வெளுப்பா? பானெட்டை அவர் தொடவே இல்லை. “செட்டை மாட்டிட்டு வாங்க. மலையிலயே போய்க் கேட்டுருவோம்” என்றார்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஜெனரேட்டர். ஏற்றம் தொடங்கியதும் ஜன்னலை முழுக்க இறக்கச் சொன்னார்; பிறகு முழுக்க ஏற்றச் சொன்னார். சீற்றம் வந்தபோது காலை எடுக்கச் சொன்னார்; நின்றது. திரும்ப மிதிக்கச் சொன்னார், வந்தது. அகலமான ஓரம் வந்ததும் வண்டியை நிறுத்தி, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் ஒரு பழைய பனியன் துணியால் துடைத்துப் பார்த்தார். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. ஹோஸைக் கழற்றி வளைத்துப் பிடித்தபோதுதான், நகக்கண் அளவு நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது.

இன்ஜின் சும்மா ஓடும்போது டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது. ஷெட்டில் நின்றுகொண்டு எவ்வளவு உறுமவிட்டாலும் இன்ஜினுக்குச் சுமை இல்லை. எரியும் டீசல் குறைவு, வெளியேறும் புகையின் வேகம் குறைவு, டர்போ சக்கரம் சுற்றும் வேகமும் குறைவு. சுமையோடு மலை ஏறும்போது அந்த ஹோஸுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அப்போது ஹோஸ் உப்புகிறது, வெடிப்பு திறக்கிறது, காற்று சீறுகிறது. காலை எடுத்தால் அழுத்தம் இறங்கி வெடிப்பு மூடிக்கொள்கிறது. ஸ்கேனர் சொன்னதும் உண்மைதான். அழுத்தம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று சொல்வது ஸ்கேனரின் வேலை இல்லை. டர்போவிலிருந்து இன்ஜினுக்குள் போகும் வழி முழுவதையும் பார்த்திருக்கவேண்டும்.

அவர் அதோடும் விடவில்லை. நல்ல ஹோஸ் ஏன் அந்த இடத்தில் வெடித்தது என்று தேடினார். பக்கத்திலிருந்த ஒரு இரும்புப் பட்டையில் பளபளவென்று உரசிய தடம் இருந்தது. வண்டி நிற்கும்போது ஹோஸுக்கும் பட்டைக்கும் விரல் நுழையும் இடைவெளி. வண்டியை ஒரு கட்டைக்கு எதிரே அணைத்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு இன்ஜினைத் திணறவைத்தபோது, இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்த இடைவெளி காணாமல் போனது. மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்ற இன்ஜின் எவ்வளவு முறுக்கு கொடுக்கிறதோ, அதற்கு எதிர்முறுக்கு இன்ஜினின் உடம்பிலும் விழும். அதைத் தாங்குவது அந்த ரப்பர்தான். ஹோஸ், இரண்டு மவுண்டிங், கூலி எல்லாம் சேர்ந்தும் டர்போவுக்குக் கட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை. (இந்தச் சோதனையைச் செய்யும்போது வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் நின்றுதான் பார்க்கவேண்டும்.)

அன்று அவர் வேலை செய்த முறையை எழுதிவைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. விட்டு விட்டு வரும் சத்தத்தை எதிர்கொள்ளும்போது ‘என்ன சத்தம்’ என்பதைவிட, ‘எதோடு சேர்ந்து வருகிறது’ என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இன்ஜின் சுற்றோடு ஏறி இறங்குகிறதா, சாலை வேகத்தோடு ஏறி இறங்குகிறதா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை மாற்றாமல் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் சுற்று கூடும். சக்கரமும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் முன்போலவே சுற்றும். சத்தம் வேகமெடுத்தால் கோளாறு இன்ஜின் பக்கம். மாறாமல் இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடவேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு சோதனையில் வண்டியில் பாதியைத் தள்ளிவைத்துவிடலாம்.

அடுத்தது தாளம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் கிராங்க் நொடிக்கு 40 முறை சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 20 முறைதான். ஒரு சிலிண்டரில் டீசல் எரிவதும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஐடிலில் ‘டிக் டிக்’ என்று கேட்பது கிராங்க்கின் தாளத்திலா, அதன் பாதித் தாளத்திலா என்பதை அனுபவப்பட்ட காது பிரித்துவிடும். பாதித் தாளம் என்றால் வால்வு, டேப்பட், இன்ஜெக்டர் பக்கம் சந்தேகம் போகும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது இதற்காகத்தான்.

சூடு இன்னொரு சாட்சி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங் போயிருந்தாலோ, ஓரத்து ஸ்டட் ஒன்று ஒடிந்திருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘சப் சப்’ என்று அடிக்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டு அமைதியாகிவிடும். சுமை ஏற்றினால் மறுபடி தலைகாட்டும். சத்தம் நின்றுவிட்ட பிறகும் கசியும் இடத்தில் கரித்தடம் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காதுக்கு அங்கே வேலை குறைவு.

கோளாறே இல்லாத சத்தங்களும் உண்டு. அவற்றுக்கும் நம் மக்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். நீளவாக்கில் இன்ஜின் இருக்கும் பல வண்டிகளில் ஃபேன் கிளட்ச் என்று ஒன்று உண்டு. அதற்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். முகப்பில் இரட்டை உலோகச் சுருள் ஒன்று இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானதும் அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி, அதுவரை சோம்பலாகச் சுற்றிய ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும். உடனே பெரும் இரைச்சல். ஓட்டுகிறவருக்கு இன்ஜின் தனியாக உறுமுவது போலவும், கிளட்ச் வழுக்குவது போலவும் தோன்றும். ஏற்றத்தின் பாதியில் வந்து, உச்சி தாண்டிச் சில நிமிடங்களில் நின்றுவிட்டால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். நாள் முழுக்க இரைந்தாலோ, இரையவே இல்லாமல் டெம்பரேச்சர் முள் ஏறினாலோதான் பழுது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இன்னொன்று. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி நிறைந்ததும், அதை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தும். அந்த நேரத்தில் ஐடில் உயரும், சைலன்சர் பக்கம் அனல் அடிக்கும், சத்தத்தின் சுருதி மாறும். அதைக் கேட்டு இன்ஜெக்டரைக் கழற்றச் சொன்னவர்களை நான் அறிவேன்.

இழுவை வண்டிக்கே உரிய தொல்லை பின்பக்கத்திலிருந்து வரும். டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்துவதால் பிக்கப்பின் பின்புறம் தாழ்கிறது. தாழ்ந்ததும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது. எம்ப்டியில் ஒழுங்காக ஓடிய கிராஸ் ஜாயின்ட்டும் சென்டர் பேரிங்கும் சுமையில் முனகத் தொடங்கும். டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் விழலாம் என்பது இத்தகைய டிரெய்லருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. ஜெனரேட்டரை டிரெய்லரில் ஒரு சாண் முன்னால் தள்ளி ஏற்றினாலே இந்தக் கணக்கு மாறிவிடும். கொக்கியின் பின் தேய்ந்திருந்தால் கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ‘டக்’கென்று ஒரு அடி. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் போகும். பின்கொக்கியில் விழும் அடி சேசிஸ் வழியாக ஓட்டுநரின் காலடிக்கு வந்து, இன்ஜினிலிருந்து வருவது போலவே கேட்கும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் கொண்டுபோன வண்டியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில சத்தங்களுக்குச் சோதனை ஓட்டம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் விளக்கு எரிந்தாலும், இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து கனமான ‘தட் தட்’ கேட்டு, மிதிக்க மிதிக்கக் கூடினாலும், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலும் வண்டியை ஓரம்கட்டி அணைத்துவிடவேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. மீட்பு வண்டியை அனுப்பச் சொல்லிக் காத்திருப்பதுதான் லாபம்.

இனி கூலி விஷயம். அந்தப் பெரியவரிடம் கணக்குக் கேட்டபோது ஹோஸ் விலை, மவுண்டிங் விலை, மாட்டிய கூலி என்று மூன்று மட்டும் சொன்னார். தொப்பூர் வரை வந்து அரைநாள் செலவழித்ததற்கு எவ்வளவு என்றேன். “அதுக்கென்னங்க, பாத்ததுக்கெல்லாமா காசு வாங்குறது?” என்றார். நாம் அவருக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். பார்த்ததற்குக் காசு கேட்கிற மெக்கானிக்கைப் பேராசைக்காரன் என்று ஊரே பேசும். பாகம் மாற்றியதற்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு வரும். சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள்: உதிரிபாகம், லேபர், அதன்மேல் வரி. கண்டுபிடித்ததற்கு அதில் இடமே கிடையாது.

இந்த ஏற்பாட்டில் யார் பிழைப்பார், யார் நொடிந்துபோவார் என்று யோசித்துப் பாருங்கள். அரைநாள் உட்கார்ந்து கேட்டு, ஒரு கிளாம்ப்பை முறுக்கிச் சரிசெய்கிறவருக்கு அன்று டீச்செலவுகூடத் தேறாது. வந்த உடனே டர்போவை மாற்றுகிறவருக்குப் பாகத்தில் லாபம், கூலியில் லாபம். சத்தம் நின்றால் பேர் கிடைக்கும். நிற்காவிட்டால் அடுத்த பாகம். பெரிய சர்வீஸ் நிலையங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று கணக்கு இருக்கிறது. ‘சத்தம் தேடினேன்’ என்று எழுத அந்தக் கணக்கில் இடம் இல்லாவிட்டால், அந்தப் பையன் எந்த தைரியத்தில் தொப்பூருக்குப் போவான்? அவர்களில் பலர் கெட்டிக்காரர்கள். காதும் மூளையும் உள்ளவர்களை ஸ்பேனராக மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

பரிசோதனைக் கூலி என்று பில்லில் தனி வரி வேண்டும். மணிக்கணக்கில் பேசி முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். கோளாறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைக் கொடுக்கவேண்டும். பதிலுக்கு, என்னென்ன பார்த்தார்கள், எதையெதை ஒதுக்கினார்கள், எந்த நிலையில் சத்தம் வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். அந்தத் தாள் இருந்தால் நான் இன்னொரு பட்டறைக்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. பாகம் மாற்றினால் பழையதை என் கையில் கொடுத்து, எங்கே பழுது என்று காட்டவேண்டும்.

ஒற்றை வண்டி வைத்துத் தவணை கட்டுகிறவர் இதற்கும் சேர்த்து எங்கே போவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தேவையில்லாத டர்போவையும் இன்ஜெக்டரையும் வாங்கி அதிகம் நொடிந்துபோகிறவர் அவர்தான். என்னிடம் இன்னொரு வண்டி இருந்தது; திருவிழாவுக்கு அதை அனுப்பினேன். அவருக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு ஆட்சேபம் பட்டறைக்காரர்களிடமிருந்து வரும்: டிரெய்லருக்கு நாங்கள் எங்கே போவது, வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பார்கள். டிரெய்லர் வாடிக்கையாளருடையது, ஓட்டுவது அவருடைய ஓட்டுநர், டீசல் அவர் செலவு. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். டிரெய்லர் கொண்டுவர முடியாவிட்டால் தொட்டியில் அனுமதித்த எடை அளவுக்கு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு பக்கத்து மேம்பாலத்தில் ஏறினாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். சமதளத்தில் டயர் உருள்வதற்கு ஆகும் இழுவையைப்போல அது பல மடங்கு. அந்தச் சுமைதான் கோளாறை வெளியே வரவைக்கிறது.

வண்டி செய்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அமெரிக்காவில் பிக்கப்புகளின் இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்று ஒரு விதிமுறை வகுத்திருக்கிறது. அதில் ஒரு சோதனை, அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கருகில் தொடங்கும் மலைச்சாலையை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற்றம், 38 டிகிரி வெயில், ஏ.சி. முழு வேகத்தில், பின்னால் முழுச் சுமை. டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவிலிருந்து இந்த முறையைக் கைக்கொண்டது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று சொல்லவே மலையேற்றிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அது இழுக்கும்போது ஏன் கத்துகிறது என்று சொல்ல மட்டும் சிமென்ட் தரையில் நின்று பார்த்தால் போதும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டுநர்களிடமும் உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சத்தம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் பதிவு செய்யட்டும். பதிவாகும்போதே ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லட்டும்: “மூணாவது கியர், நாப்பதுல போறேன், மிதிக்கிறேன், இப்ப காலை எடுக்கிறேன்.” அந்த ஒரு நிமிடப் பதிவைக் கேட்டால் மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும். ஓட்டும்போது ஓட்டுநர் கைபேசியைத் தொடவே கூடாது. சேசிஸிலும் ஆக்ஸிலிலும் நாலைந்து இடங்களில் கவ்விவிட்டு, ஓடும் வண்டியில் ஒவ்வொன்றாகக் கேட்கும் சிறு மைக்குகள் விற்பனைக்கு உண்டு. ஒரு பட்டறைக்குத் தனியாக வாங்கக் கட்டுப்படி ஆகாவிட்டால் ஊரில் இருக்கும் மெக்கானிக் சங்கம் ஒன்றை வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகளுக்கு ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜினைப் பிரித்துக் கோக்கச் சொல்லித்தருகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு, சுமை ஏற்றிய வண்டியில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாலைக்கு அழைத்துப்போய், “எங்கிருந்து வருது, சொல்லு பார்ப்போம்” என்று கேட்கும் வகுப்பும் வேண்டும்.

சர்வீஸ் நிலையங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொல்லும் குறைக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். அதை அரைப்பக்கம் ஆக்கட்டும். எந்த கியர், எந்த வேகம், ஏற்றமா சமதளமா, பின்னால் எவ்வளவு எடை, இன்ஜின் ஆறியிருந்ததா சூடாக இருந்ததா, காலை எடுத்தால் நிற்கிறதா, கடைசியாக எந்த வேலை பார்த்த பிறகு தொடங்கியது என்று கட்டங்கள் போட்டு அச்சடிக்கட்டும். நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். நிரப்பும்போது உரிமையாளருக்குப் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு, வெளியே நிற்கும் ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும்.